கண்காணிக்கும் அரசிடம் அவையில் கேள்வி கேட்க வைப்பது எப்படி? குமரி மாவட்ட வாக்காளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கண்காணிப்பே வேண்டாம் என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் நின்று வாதிடுவது எளிதல்ல. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சந்தேக நபர்களைத் தேடுவதற்கு அக்கம்பக்கத்துக் கேமராப் பதிவுகள் கைகொடுத்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த படகுகள் எங்கே இருக்கின்றன என்று அறிய வழியின்றிக் கரையில் இருந்தவர்கள் தவித்தார்கள். கடலில் தொடர்புக் கருவி வேண்டும் என்ற கோரிக்கை கடற்கரை ஊர்களிலிருந்தே எழுந்தது. எனவே கேமராவும் கருவியும் வேண்டுமா என்ற விவாதத்தை இங்கே ஒதுக்கிவைக்கிறேன். பார்க்கும் அதிகாரம் பெற்றவர் யாருக்குப் பதில் சொல்கிறார், அந்தப் பதிலை வாங்கித் தர வேண்டிய சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்க வைப்பதற்கு ஒரு வாக்காளர் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமே இவ்வழிகாட்டி விளக்குகிறது.

தொடங்குமுன்: இப்போது யார் யாரைச் சரிபார்க்கிறார்கள்?

தொலைபேசி ஒட்டுக்கேட்பை எடுத்துக்கொள்வோம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவுதான் நெடுங்காலம் இதற்கு அடிப்படையாக இருந்தது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிலை இருந்தால் மட்டுமே அந்த அதிகாரத்தைத் தொட முடியும். 1996 டிசம்பரில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைமுறைக் கட்டுப்பாடுகளை விதித்தது. ஆனால் ஒட்டுக்கேட்புக்கு முன்பே நீதிபதியின் அனுமதி பெற வேண்டும் என்ற யோசனையை, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கூறி ஏற்கவில்லை. 2007இல் அக்கட்டுப்பாடுகள் தந்தி விதிகளில் 419ஏ விதியாக உருப்பெற்றன. இப்போது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பர் 6 அன்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. ஆணை பிறப்பிப்பவர் மத்தியில் உள்துறைச் செயலாளர், மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலாளர். ஓர் ஆணை 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. ஆணைகளை ஆய்வுக் குழு ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் கூடிச் சரிபார்க்க வேண்டும்.

அந்த ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்ட விவகாரச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், உள்துறை அல்லாத வேறொரு செயலாளர். நீதிபதியும் இல்லை, மக்கள் பிரதிநிதியும் இல்லை. 2018இல் தரவுப் பாதுகாப்பை ஆராய்ந்த நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில், மத்திய ஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பதாகக் குறிப்பிட்டு, இது நடைமுறைக்கு ஒவ்வாத பணி என்றது. எட்டு மணி நேரம் இடைவிடாது அமர்ந்தாலும் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் ஆணைகள் என்றால், அங்கே ஆய்வு என்பது கையெழுத்துதான்.

இந்த ஏற்பாடு நம் மாவட்டத்துக்குப் பழக்கமில்லாததன்று. நாம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1888இலேயே சட்டசபை தொடங்கியது. சமஸ்தானங்களுள் அதுவே முதலாவது என்று இன்றும் பெருமை பேசுகிறோம். அந்தச் சபைக்குத் தலைவராக அமர்ந்தவர் நிர்வாகத்தை நடத்திய திவானேதான். கேள்விக்கு உட்பட வேண்டியவரே கேள்வி நேரத்துக்கும் தலைமை தாங்கிய அந்த அமைப்பு 1948இல் மக்கள் அமைச்சரவை பொறுப்பேற்றபோது முடிந்தது; 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டுடன் இணைந்தோம். கண்காணிப்பு விஷயத்தில் மட்டும் அதே அமைப்பு வேறு பெயரில் தொடர்கிறது.

முதற்படி: எந்த அவை என்று தீர்மானியுங்கள்

பெரும்பாலான மனுக்கள் தோற்பது இந்த இடத்தில்தான். பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. தொலைத்தொடர்பும் மத்தியப் புலனாய்வு முகமைகளும் ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தவை. மாவட்டக் காவல்துறையின் கேமராக்கள், முக அடையாளம் காணும் மென்பொருள், மாநில உள்துறைச் செயலாளர் பிறப்பிக்கும் ஒட்டுக்கேட்பு ஆணைகள் ஆகியவற்றைச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். மத்திய உள்துறையின் ஆணைகள், கணினித் தகவல்களை இடைமறிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் 2018 டிசம்பர் 20 அன்று அதிகாரம் பெற்ற 10 முகமைகள், படகுகளில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், காவல்துறை மாநிலத்தின் பொறுப்பு என்று தில்லியும், தொலைத்தொடர்பு மத்தியச் சட்டம் என்று சென்னையும் கைகழுவிவிடும். ஒரே குறையானாலும் இரண்டு தாள்களாக எழுதுங்கள்.

நம் மாவட்டத்துக்கு மக்களவைத் தொகுதி ஒன்று, 39ஆம் எண். சட்டமன்றத் தொகுதிகள் ஆறு, 229ஆம் எண்ணான கன்னியாகுமரி முதல் 234ஆம் எண்ணான கிள்ளியூர் வரை. மாநிலத் தொகுதி வரிசையின் கடைசி எண்களை நாம் வைத்திருப்பதால் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாம் படி: ஆளைக் கேட்காதீர்கள், எண்ணிக்கை, நடைமுறை, பணம் ஆகிய மூன்றைக் கேளுங்கள்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். “என் தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறார்களா?” என்ற கேள்விக்கு எந்த அவையிலும் பதில் கிடைக்காது. இயல்பிலேயே இரகசியமான விஷயங்களைப் பற்றி வினா கேட்கக் கூடாது என்பது மக்களவை விதி. விசாரணையைப் பாதிக்கும் என்ற காரணமும் உடனே வரும். கண்காணிக்கப்பட்டவருக்குப் பின்னரேனும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் நம் சட்டத்தில் இல்லை. தனிநபர் குறைக்கு உரிய இடம் நீதிமன்றம்.

எண்ணிக்கை அப்படிப்பட்டதன்று. மத்திய அரசு மாதந்தோறும் சராசரியாக 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாக உள்துறை அமைச்சகமே 2013இல் ஒரு தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பதில் கொடுத்தது. அதனால் எந்த விசாரணையும் கெட்டுப்போனதாக யாரும் சொல்லவில்லை. ஆண்டுக்கு எத்தனை ஆணைகள், அவற்றுள் ஆய்வுக் குழு ரத்து செய்தவை எத்தனை, குழு எத்தனை முறை கூடியது, அவசர நிலையில் காவல்துறைத் தலைவர் (ஐ.ஜி.) நிலைக்குக் குறையாத அதிகாரி பிறப்பித்து ஏழு வேலை நாள்களுக்குள் உறுதிசெய்யப்படாமல் போன ஆணைகள் எத்தனை ஆகிய நான்கும் எவருடைய பெயரையும் வெளிப்படுத்தாத எண்கள். ரத்து செய்யப்பட்டவை பூஜ்யம் என்று பதில் வந்தால், அந்தப் பூஜ்யமே அடுத்த கேள்விக்கு அடிப்படையாகும்.

நடைமுறை என்பது எழுத்து வடிவில் விதி இருக்கிறதா, தரவை எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கலாம், எப்போது அழிக்கிறார்கள் என்பவை. எடுத்துக்காட்டாக, 2022ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைதானவர்களின் உடல் அளவுகளையும் கைரேகையையும் பிறவற்றையும் 75 ஆண்டுகள் சேமிக்க அனுமதிக்கிறது. ஆனால் முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிட்டாலன்றி அவருடைய பதிவை அழிக்க வேண்டும் என்கிறது. விடுதலையானவர்களின் பதிவுகளுள் இதுவரை எத்தனை அழிக்கப்பட்டுள்ளன என்ற ஒற்றைக் கேள்வி, பத்துப் பக்கக் கண்டன உரையைவிட அரசை அதிகம் வேலை வாங்கும்.

பணம் மூன்றாவது. அவையின் ஒப்புதல் இல்லாமல் ஒரு ரூபாயும் செலவாகாது என்பதால், இரகசியம் என்ற வேலியைத் தாண்டாமலேயே எந்தக் கருவி, எவ்வளவுக்கு, எந்த ஒப்பந்தத்தில் வாங்கப்பட்டது என்று கேட்கலாம்.

மூன்றாம் படி: கேட்பதற்கு முன் கையில் தாள் இருக்கட்டும்

உறுப்பினரின் அலுவலகத்துக்கு வெறுங்கையுடன் போகாதீர்கள். முதலில் 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தமிழிலேயே அனுப்பலாம், இணையவழியும் உண்டு. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தே எழுத வேண்டும். நாட்டுப் பாதுகாப்பைக் காட்டி 8(1)(அ) உட்பிரிவும், புலனாய்வைக் காட்டி 8(1)(எச்) உட்பிரிவும் முன்வைக்கப்படும். அதற்கு மாற்றாக 10ஆம் பிரிவு இருக்கிறது: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். பொதுநலன் பெரிதாக இருந்தால் தர வேண்டும் என்று 8(2) பிரிவு சொல்கிறது. இவ்விரண்டையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒரு பிரிவும் இங்கே உண்டு. 24(4) பிரிவின்படி மாநில அரசு தன் புலனாய்வு, பாதுகாப்புப் பிரிவுகளுக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கலாம். ஆனால் அவ்வாறு விலக்கு அளிக்கும் ஒவ்வோர் அறிவிக்கையையும் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று 24(5) பிரிவு கட்டளையிடுகிறது. விலக்கு பெற்ற பிரிவாயினும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகளில் அந்த விலக்கு செல்லாது. ஒரு பிரிவு “எங்களுக்கு விலக்கு உண்டு” என்று பதில் அனுப்பினால், அந்த அறிவிக்கை எந்தத் தேதியில் பேரவையில் வைக்கப்பட்டது என்பதே உங்கள் அடுத்த விண்ணப்பம். மறுப்புக் கடிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். குடிமகனுக்கு மறுக்கப்பட்ட தகவல் என்பதே அதை ஓர் உறுப்பினர் கேட்பதற்குப் போதிய காரணம்.

நான்காம் படி: நாடாளுமன்ற வினா

உறுப்பினர்களிடம் பொதுவாகப் புகார் சொல்பவர்கள் ஏராளம். வினாவை எழுதிக் கொண்டுபோகிறவர்கள் மிகக் குறைவு. எழுதிக் கொண்டுபோனால் அது அப்படியே பதிவாவதற்கு வாய்ப்பு கூடும். மக்களவையில் வினாவுக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. ஒரு வினா 150 சொற்களைத் தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு 20 வினாக்கள் மட்டுமே வாய்மொழிப் பதிலுக்கான பட்டியலில் இடம்பெறும். 230 வினாக்களுக்கு எழுத்துமூலம் பதில் வரும். துணைக் கேள்விக்கு இடமிருப்பதால் முதல்வகைக்கு மதிப்பு அதிகம். ஆயினும் நமக்கு வேண்டியது எண்கள் என்பதால் எழுத்துப் பதிலே போதும். கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டவுடன் போய்விட வேண்டும். தொடங்கிய பிறகு போனால் பெரும்பாலும் பயனில்லை.

படகுக் கருவியைப் பற்றி ஒரு மாதிரி வினா இதோ. ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசு செயல்படுத்துகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. புயல் எச்சரிக்கை கிடைக்கும், ஆபத்தில் அழைக்கலாம், கரைக்கு இருப்பிடமும் தெரியும்.

“மீன்வளத்துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனை படகுகளில் இக்கருவி பொருத்தப்பட்டுள்ளது, (ஆ) கருவி அனுப்பும் இருப்பிடத் தரவை எந்தெந்தத் துறைகளும் முகமைகளும் பார்க்க முடியும், (இ) அத்தரவு எத்தனை காலம் சேமிக்கப்படுகிறது, அதற்கு எழுத்துவடிவில் விதி உண்டா, (ஈ) மீட்புப் பணி அல்லாத நோக்கங்களுக்கு அத்தரவு எத்தனை முறை கோரப்பட்டது, ஆண்டுவாரியான விவரம் என்ன, (உ) விதி இல்லையெனில் அதை வகுக்கும் உத்தேசம் உண்டா?”

இதில் யாரையும் குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். குற்றச்சாட்டு, ஊகம், அடைமொழி ஆகியவை உள்ள வினாவை அவைச் செயலகமே தள்ளிவிடும். உறுப்பினர் வெளிப்படையாக அஞ்சினால், அவையில் பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று அரசியல் சாசனத்தின் 105ஆம் பிரிவு நாடாளுமன்ற உறுப்பினருக்கும், 194ஆம் பிரிவு சட்டமன்ற உறுப்பினருக்கும் காப்பு அளித்திருப்பதை மரியாதையுடன் நினைவுபடுத்தலாம். குடிமகனுக்கு இல்லாத காப்பு அது. நமக்காகத்தான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

நாடாளுமன்றக் குழுக்களைப் பற்றி அளவான நம்பிக்கையே போதும். உள்துறைக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் நிலைக்குழுக்கள் உள்ளன. 31 உறுப்பினர்கள், ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்கு அரசு அவையிடம் கேட்கும் பணம்) ஆய்வு. ஆனால் 2021இல் பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரம் வெடித்தபோது, ஜூலை 28 அன்று கூட வேண்டிய தகவல் தொழில்நுட்பக் குழு, வந்திருந்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பதிவேட்டில் கையெழுத்திட மறுத்ததால் குறைவெண் (கோரம்) இல்லாமல் கலைந்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளைச் சோதித்து ஐந்தில் தீங்கு மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றும் 2022இல் தெரிவித்தது. மத்திய அரசு அக்குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்பதும் நீதிமன்றத்தில் பதிவானது. 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தியின் வீட்டருகே ஹரியானா காவலர் இருவர் நோட்டமிட்டதாக எழுந்த பிரச்சினையில் சந்திரசேகர் அரசு விழுந்ததே என்று சிலர் கேட்பார்கள். அது பெரும்பான்மைக் கணக்கின் விளைவு. குழு ஆய்வின் விளைவன்று. உளவுத்துறைக்குத் தனிச் சட்டமும் நாடாளுமன்ற மேற்பார்வையும் வேண்டும் என்று 2011இல் காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. 1994 முதல் அத்தகைய குழுவைச் சட்டப்படி வைத்திருக்கும் பிரிட்டனைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்டவை வேறு பல.

ஐந்தாம் படி: சட்டமன்றத்தில் இரண்டு வாசல்கள்

முதல் வாசல் மானியக் கோரிக்கை. ஆண்டுதோறும் காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று பேரவையில் வைக்கப்படும். அது பொதுமக்களும் இணையத்தில் படிக்கக்கூடிய ஆவணம். முந்தைய ஆண்டுக் குறிப்பில் கேமரா, முக அடையாளம் ஆகியவற்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, அதன் பக்க எண்ணைக் காட்டி உறுப்பினரிடம் வெட்டுத் தீர்மானம் (மானியத் தொகையைக் குறைக்கக் கோரும் தீர்மானம்) கோருங்கள். வெட்டுத் தீர்மானம் நிறைவேறப் போவதில்லை; ஆனால் அமைச்சர் பதிலுரையில் தொட வேண்டிய பொருள் ஒன்று அங்கே பதிவாகிறது. தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் 2021 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 2024 மே மாதத்தில் அத்தளத்தின் தரவு கசிந்தது செய்தியானது. அதன்பின் வெளித் தணிக்கை நடந்ததா, எத்தனை பேரின் பதிவுகள் அதில் உள்ளன, தவறாக அடையாளம் காணப்பட்டவர் எத்தனை பேர் என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

இரண்டாம் வாசல் பேரவையின் மனுக்கள் குழு. இக்குழு மாவட்டங்களுக்கு வரும்; வருமுன் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக அறிவிப்பு வெளியாகி மனுக்கள் கோரப்படும். மனு ஐந்து நகல்களுடன் இருக்க வேண்டும். ஒரே பிரச்சினையை, ஒரே துறையைப் பற்றியதாக இருக்க வேண்டும். நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பொருள், பட்டா, வேலை, கடன் போன்ற தனிநபர் குறைகள் ஏற்கப்படமாட்டா. “எங்கள் பேருந்து நிலையக் கேமராப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு விதி வகுக்க வேண்டும்” என்பது தகுதியான மனு. மாற்றாக, ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் கிராம சபையில் இதே பொருளில் தீர்மானம் நிறைவேற்றி மனுவுடன் இணைக்கலாம். நாம் தமிழ்நாட்டுடன் இணைந்த நவம்பர் 1 கிராம சபை நாளாகவும் இருப்பது நமக்கு வசதி.

ஆறாம் படி: காவல் நிலையத்தின் உள்ளே இருக்கும் கேமரா

கண்காணிப்பு இங்கே மறுபக்கம் திரும்புகிறது. 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா பொருத்த ஆணையிட்டது. பதிவை 18 மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு சேமிக்க வேண்டும். இதைக் கண்காணிக்க மாவட்ட அளவில் ஒரு குழு. அதில் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இருக்க, உடன் மாவட்டத்துக்குள் உள்ள ஒரு மேயரோ மாவட்ட ஊராட்சித் தலைவரோ இடம்பெற வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு இடம் கொடுத்திருக்கும் அரிய ஏற்பாடு இது. நாகர்கோவில் மாநகராட்சி மாமன்ற உறுப்பினர் வழியாகவோ தகவல் உரிமை விண்ணப்பம் வழியாகவோ மூன்றைக் கேளுங்கள்: நம் மாவட்டக் குழுவின் உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடியது, எந்தெந்த நிலையங்களில் கேமரா பழுதாக உள்ளதென மாநிலக் குழுவுக்கு எழுதியது.

ஏழாம் படி: பதில் வந்த பிறகு

வேலை இங்கே பாதிதான் முடிந்திருக்கிறது. அமைச்சரின் பதிலில் “பரிசீலனையில் உள்ளது”, “தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்” என்ற தொடர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை அவை மரபில் உறுதிமொழிகள். நாடாளுமன்றத்தில் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டியவை. நாடாளுமன்றத்திலும் பேரவையிலும் உறுதிமொழிக் குழு உண்டு. மூன்று மாதம் கடந்தும் தகவல் வராவிட்டால், வினா எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு அக்குழுவின் தலைவருக்கு நீங்களே கடிதம் எழுதலாம். நகல் உங்கள் உறுப்பினருக்கு.

2024ஆம் ஆண்டு விதிகளைப் போன்றவை நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டாக வேண்டும். அவற்றில் குறை கண்டால் சார்நிலைச் சட்டங்களை ஆராயும் குழுவுக்கும் எழுதலாம்.

பதிலே வரவில்லை, அல்லது வந்த பதில் சட்டத்துக்கு முரணாக இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சாதாரணக் குற்றத்தைத் துப்புத்துலக்குவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இருக்க வேண்டும் என்று கூறி, 2011ஆம் ஆண்டு ஒட்டுக்கேட்பு ஆணை ஒன்றை ரத்து செய்தது. கிடைத்த தகவல்கள் ஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படாததும் ஒரு காரணம். அங்கே போகும்போது தகவல் உரிமை மறுப்புக் கடிதம், வினாவுக்கு வந்த பதில், உறுதிமொழிக் குழுவுக்கு எழுதியதன் ஒப்புகை ஆகிய மூன்றையும் தேதி வரிசையில் மனுவுடன் இணைத்துக் கொடுங்கள்.